ருவைஸில் ஊறிய முட்டைக்கோஸ்

ருவைஸில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தை ஒரு வெள்ளிக்கிழமை காலை மொத்தமாகக் காலி செய்ய வைத்தது எண்ணெய் ஆலை இல்லை, ஒரு டிரம் முட்டைக்கோஸ். அதில் பாதிக் காரணம் என் அப்பா, மீதிப் பாதி நான். அப்பாவின் பங்கு அன்றைக்கே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. என் பங்கை நான் பத்து நாளுக்கு மேல் வாயைத் திறக்காமல் மூடி வைத்திருந்தேன்.

அப்போது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் பத்தாம் வகுப்பு. அப்பா சுத்திகரிப்பு ஆலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். கம்பெனி கொடுத்த இரண்டாம் மாடி வீடு, கம்பெனி பஸ், கம்பெனி தண்ணீர் என்று எல்லாமே கம்பெனி. பால்கனியில் நின்றால் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஆலையின் புகைபோக்கி நெருப்பு. அபுதாபிக்குப் போக வேண்டுமென்றால் இரண்டரை மணி நேரம் மணலைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். பொழுது போகாத ஊர் என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்கு அந்த ருமேனியத் தம்பதி வரும் வரைக்கும்தான் அந்தப் புலம்பல்.

அங்கிள் ஆலையில் பாய்லர் என்ஜினியர். பேசவே மாட்டார், சிரிப்பார். ஆன்ட்டிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். குழந்தை இல்லை. ஆன்ட்டிக்கு இங்கிலீஷில் ஐம்பது வார்த்தை தெரியும், என் அம்மாவுக்கு நாற்பது. இதை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் படிக்கட்டில் நின்று ஒரு மணி நேரம் பேசினார்கள் என்றால் நம்ப மாட்டீர்கள். வந்த ஒரே மாதத்தில் ஆன்ட்டியின் மாமியாரைப் பற்றிய முழு விவரமும் அம்மாவிடம் இருந்தது. மாமியார் பேச்சுக்கு மொழி எதற்கு?

அந்த மாமியார் கிளம்பும்போது விமான நிலையத்தில் வைத்து ஒன்று சொல்லி அனுப்பியிருக்கிறார். குளிர்காலத்துக்கு டிரம் நிறைய முட்டைக்கோஸ் ஊறப் போடாத வீட்டில் கிறிஸ்துமஸ் வராது, பாலைவனத்தில் அதெல்லாம் ஊறாது, அதுவும் உன் கையில் ஊறவே ஊறாது என்று. ஆன்ட்டி அதைச் சொல்லும்போது தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாராம். அம்மா வீட்டுக்குள் வந்து அப்பாவிடம் அதே மாதிரி கையை விரித்துக் காட்டினாள். அப்பா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நவம்பரில் டிரம் வந்தது. கீழ்வீட்டில் இருந்த கீழக்கரை பாய் கடைத்தெருவில் சூப்பர்மார்க்கெட் வைத்திருந்தார். ஆலிவ் காய் வந்து காலியான நீல டிரம் ஒன்றைக் கழுவிக் கொடுத்தார். பதினைந்து முட்டைக்கோஸ். ஒவ்வொன்றின் அடித்தண்டையும் குடைந்து குழி நிறைய உப்பு. நடுவில் சதகுப்பைத் தண்டு, மக்காச்சோளம், மேலே உப்புத் தண்ணீர், அதற்கு மேல் ஒரு பெரிய கல். ஏசி வைத்த குட்டி அறை ஒன்றை ஆன்ட்டி அந்த டிரம்முக்கே ஒதுக்கிவிட்டார். தினமும் காலையும் மாலையும் ஒரு ரப்பர் குழாயை அடிவரைக்கும் விட்டு வாயால் ஊதுவார். குடகுடவென்று குமிழி வரும். அடியில் தங்கும் உப்பு மேலே கலக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் கொழகொழத்துப்போகும் என்று எனக்கு விளக்கினார். பத்தாம் வகுப்பு கெமிஸ்ட்ரியில் எனக்கு முழுசாகப் புரிந்த ஒரே பாடம் அதுதான்.

அதே மாதத்தில் ஆன்ட்டி சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். அம்மா விசாரித்ததில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாற்பது நாளும் அவர்கள் ஊரில் கறி, முட்டை, பால் எதுவும் தொட மாட்டார்கள் என்று தெரிந்தது. அன்று மாலை அப்பா வந்ததும் அம்மா, "ஏங்க, அந்தப் பொண்ணு விரதம் இருக்காங்க. பால்கூடக் கிடையாதாம். நம்மளைவிட ஆசாரம்" என்றாள். அதுவரை வெங்காயம்கூட அந்த வீட்டிலிருந்து கடன் வாங்காத அம்மா, மறுநாளே ஒரு கிண்ணம் சாம்பார் கொண்டு போய்க் கொடுத்தாள். நாங்கள் சுத்த சைவம். அம்மா வெளியில் எங்கேயும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு காலை, டியூட்டிக்குக் கிளம்பிய அப்பா வாசலில் சேஃப்டி ஷூவுக்குள் காலை விட்டார். நறுக்கென்று சத்தம். அப்பா போட்ட கத்தலில் அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். ஷூவுக்குள் நொறுங்கிய வால்நட். அம்மாவின் செருப்பில் ஒரு ஆப்பிளும் இரண்டு சாக்லேட்டும். என் ஸ்கூல் ஷூவில் கை நிறைய மிட்டாய், கூடவே ரிப்பன் கட்டிய ஒரு பேரீச்சங்குச்சி. எங்கள் வீட்டில் எல்லார் செருப்பும் வாசலுக்கு வெளியேதான் இருக்கும். செருப்பில் தின்பண்டம் இருந்தால் ஒரு தமிழ் அம்மா என்ன நினைப்பாள்? யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அம்மா முடிவே கட்டிவிட்டாள். எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று செருப்பு ரேக்கைத் துழாவினாள்.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. ஆன்ட்டி கைதட்டிச் சிரித்தார். அவர்கள் ஊரில் அந்த ராத்திரி பிள்ளைகள் ஷூவைத் துடைத்து வாசலில் வைப்பார்களாம், நிக்கோலஸ் தாத்தா வந்து நல்ல பிள்ளைக்கு இனிப்பும் கெட்ட பிள்ளைக்குக் குச்சியும் வைத்துவிட்டுப் போவாராம். ராத்திரி எங்கள் வாசலில் இத்தனை ஜோடி வரிசையாக இருப்பதைப் பார்த்து, தன் பண்டிகையை நாங்கள் கொண்டாடுகிறோம் என்று நினைத்து நெகிழ்ந்துபோயிருக்கிறார். அது வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்ல அம்மாவுக்கு மனசு வரவில்லை. "தேங்க்யூ, தேங்க்யூ" என்று ஆப்பிளை எடுத்துக்கொண்டாள். உள்ளே வந்து மூன்று தடவை கழுவினாள்.

அதற்குப் பிறகு இரண்டு வீடும் ஒரு வீடு மாதிரி. அதனால்தான் அடுத்த வாரம் எம்பஸி வேலையாக நான்கு நாள் அபுதாபிக்குப் போகும்போது ஆன்ட்டி சாவியை என்னிடம் கொடுத்தார். ரப்பர் குழாயைக் கையில் வைத்து, காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, கதவைச் சாத்த மறக்காதே என்று மூன்றே விஷயம் சொன்னார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் தொழிலாளர் கேம்ப்பில் தங்கியிருக்கும் தன் ஊர்க்காரர்கள் ஏழு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருப்பதாகவும், ஊறிய கோஸ் இலையில் சாதம் சுற்றிச் சர்மாலே என்ற பண்டம் செய்யப்போவதாகவும் சொன்னார். மாமியார் வாராவாரம் வெள்ளிக்கிழமை போனில் முதலில் கேட்பது கோஸைத்தானாம். நன்றாக ஊறுகிறது என்று இந்த வாரமும் சொல்லிவிட்டேன் என்றார். நான் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினேன்.

முதல் நாள் காலை ஒழுங்காக ஊதினேன். ஊதி முடித்துக் கிளம்பும்போது ஏசியை அணைத்துவிட்டேன். யாரும் சொல்லி இல்லை, யோசித்தும் இல்லை. எங்கள் வீட்டில் ஆளில்லாத அறையில் ஏசி ஓடினால் அம்மா தூக்கத்திலிருந்துகூட எழுந்து வருவாள். கரண்ட் பில் கம்பெனி கட்டுகிறது என்று அப்பா எத்தனை தடவை சொன்னாலும் எடுபடாது. அப்படி வளர்ந்த கை, கதவைச் சாத்தும் முன் தானாகவே ஸ்விட்சுக்குப் போய்விட்டது. இரண்டாம் நாள் கதவைத் திறந்தபோது ஒரு மாதிரி வாடை. குழாயை வாயில் வைக்கக் குமட்டியது. சாயந்திரம் வந்து ஊதிக்கொள்ளலாம் என்று போய்விட்டேன். சாயந்திரம் டிவி இருந்தது. மூன்றாம் நாள் அந்த வாசலுக்கே போகவில்லை. எனக்குத் தெரிந்தேதான் போகவில்லை.

நான்காம் நாள் வெள்ளி. காலையில் பேப்பர் வாங்கப் போன அப்பா, திரும்பி வரும்போது படிக்கட்டில் நின்றுவிட்டார். இதைச் சொல்லும் முன் அப்பாவின் மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆலையில் விஷ வாயு ஒன்று உண்டு, அழுகிய முட்டை நாற்றம் வரும். கொஞ்சம் கூடினால் மூக்கே மரத்துவிடும். அதனால் நாற்றம் நின்றால் தப்பித்தோம் என்று அர்த்தமில்லை, மூக்கு போய்விட்டது என்று அர்த்தம். இதை நான் ஒன்றாம் வாய்ப்பாட்டுக்கு முன்பே படித்தேன். நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தேடக் கூடாது, காற்றுக்கு எதிர்ப்பக்கம் ஓட வேண்டும். அப்பா ஓடவில்லை. எட்டு வீட்டுக் கதவையும் தட்டினார். கீழே போய் மெயின் ஸ்விட்சை அணைத்தார். பால்கனியில் காய்ந்த யாருடைய பெட்ஷீட்டையோ பார்த்துக் காற்றின் திசையைக் கண்டுபிடித்து, எல்லாரையும் கார் நிறுத்துமிடத்தின் வடமேற்கு மூலைக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

அம்மா இட்லித் தட்டோடு நின்றாள். பாய் லுங்கியோடு நின்றார். அப்பா தலை எண்ணினார், இரண்டு தடவை. எனக்கு மட்டும் அது என்ன நாற்றம் என்று தெரியும். வாயைத் திறந்திருக்கலாம். அப்பா அவ்வளவு கம்பீரமாக நின்றுகொண்டிருந்தார், நான் திறக்கவில்லை. சேஃப்டி வண்டி வந்தது. முகமூடி போட்ட ஒருவர் மீட்டரோடு படியேறினார். மீட்டர் ஒன்றும் காட்டவில்லை என்று மேலிருந்து கத்தினார், முகமூடியைக் கழற்றினார், உடனே மூக்கைப் பொத்தினார். பக்கத்து வீட்டுச் சாவி யாரிடம் என்று கேட்டபோது நான் நீட்டினேன். நீட்டிவிட்டு அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பயந்துவிட்டேன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஐந்து நிமிஷத்தில் அவர் ஒரு கோஸ் இலையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். கட்டடமே சிரித்தது. பாய், "இது நம்ம கடை டிரம்முல ஊறுனதாச்சே, சார்" என்றார். அப்பா சிரிக்கவில்லை. சேஃப்டி டிரில் நன்றாக நடந்தது என்று மட்டும் சொன்னார்.

இரண்டு பேர் டிரம்மைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கும்போது ஆன்ட்டியின் கார் வந்து நின்றது. கை நிறையப் பையோடு இறங்கியவர், டிரம்மைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். சேஃப்டிக்காரர் குப்பைத் தொட்டியைக் காட்டி, "கலாஸ், மேடம். எல்லாம் போச்சு" என்றார். ஆன்ட்டி தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். பிறகு அங்கிளிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். அந்த மொழி தெரியாமலேயே எனக்குப் புரிந்தது. மாமியார் சொன்னது சரிதான் என்றார்.

அப்போது அம்மா இட்லித் தட்டைக் காரின் மேல் வைத்துவிட்டு முன்னால் போனாள். கல்லை எடுத்தாள், முழங்கை வரை கையை உள்ளே விட்டாள். மேலே மிதந்த கொழகொழப்பை வழித்து எறிந்தாள். அடியிலிருந்து ஒரு கோஸை எடுத்து அழுத்திப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள். பிறகு எல்லார் கண்ணெதிரிலும் ஒரு துண்டு இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள். நானும் அப்பாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

"இது அழுகலை. மேல இருக்கறதுதான் போச்சு, அடியில எல்லாம் கல்லு மாதிரி இருக்கு. புது உப்புத் தண்ணி விட்டு வெளியில நிழல்ல வைக்கணும். மாவடுவுக்கும் இதே கதைதான்" என்றாள் அம்மா. அதை அப்பா இங்கிலீஷில் சேஃப்டிக்காரரிடம் சொன்னார். மாவடுவை மட்டும் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டார்.

ஆறு கோஸ் போயிற்று, ஒன்பது பிழைத்தது. டிரம் எங்கள் பின் பால்கனிக்கு வந்தது. டிசம்பர் ராத்திரியில் ருவைஸும் குளிரும், ஆன்ட்டியின் ஊர் அளவுக்கு இல்லாவிட்டாலும் கோஸுக்குப் போதும். ஊதுகிற பொறுப்பை அப்பாவே எடுத்துக்கொண்டார். ஊரைக் கூட்டியதற்குப் பரிகாரம் என்று அம்மா சொன்னாள். அப்பா எதையும் சாதாரணமாகச் செய்ய மாட்டார். சுவரில் ஒரு லாக் ஷீட் ஒட்டினார். நேரம், ஊதிய நிமிஷம், வாசனை, கையெழுத்து. வாசனைக் கட்டத்தில் தினமும் ‘நார்மல்’ என்று எழுதினார். அவர் நைட் டியூட்டியில் இருந்த நாளெல்லாம் நான் ஊதினேன், கேட்காமலேயே. என் மகள் பொறுப்பாகிவிட்டாள் என்று அப்பா ஆலையில் சொல்லிப் பெருமைப்பட்டாராம். எனக்குக் குழாயை விழுங்கிவிடலாம் போலிருந்தது.

ஏனென்றால் ஆன்ட்டி மாறிவிட்டார். கோஸ் பிழைத்ததில் அவருக்கு ஆறுதலே இல்லை. மாமியார் வீட்டு டிரம்மில் நாற்பது வருஷத்தில் ஒரு இலைகூட வீணானதில்லையாம். தன் கையில்தான் ஏதோ இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறார். அந்த வெள்ளியும் அடுத்த வெள்ளியும் போன் வந்தபோது, அவள் தூங்குகிறாள் என்று அங்கிள் சொன்னார். ஏசி அணைந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அப்பா மெயினை அணைத்ததில் கட்டடத்தில் எல்லாமே அணைந்திருந்தது. அப்பா என்னைக் காப்பாற்றியது அவருக்கே தெரியாது. நானாகச் சொன்னால் ஒழிய யாருக்கும் தெரியப்போவதில்லை. தினம் ராத்திரி படுக்கும்போது நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன், காலையில் அந்தத் தைரியம் இருக்காது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை ஏழு பேரும் வந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டை, வழித்து வாரிய தலை. அட்டையில் வெட்டிய ஒரு பெரிய நட்சத்திரத்தைக் குச்சியில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதன் ஓரமெல்லாம் ஆலையில் சட்டையில் ஒட்டும் மின்னும் டேப். உள்ளே வராமல் படிக்கட்டிலேயே நின்று, பாடலாமா என்று கேட்டார்கள். வீட்டுக்காரர் சரி என்று சொன்னால்தான் பாட வேண்டுமாம். பாட்டு முடிகிறவரை வாசலைத் தாண்டக் கூடாதாம். ஏழு தடியான ஆண்கள் அவ்வளவு மெல்லிய குரலில் பாடி நான் கேட்டதில்லை. ஆன்ட்டி ஒவ்வொருவருக்கும் ஒரு ரொட்டி வளையம், ஆப்பிள், வால்நட் கொடுத்தார். மார்கழி பஜனைக்குப் பொங்கல் கொடுப்பது மாதிரிதான் என்று அம்மா என் காதில் சொன்னாள். பாய் வீட்டுப் பிள்ளைகளும் வரிசையில் நின்று ஆளுக்கொரு வளையம் வாங்கிக்கொண்டு ஓடினார்கள்.

அன்றும் அவர்களுக்கு விரதம் என்பதால் எல்லாமே சைவச் சர்மாலே, சாதமும் காளானும் கேரட்டும் வைத்துச் சுற்றியது. எங்களுக்காக ஆன்ட்டி அபுதாபியில் புதுப் பாத்திரமே வாங்கியிருந்தார். புளிப்பும் உப்புமாக, கோஸ் வெண்ணெய் மாதிரி வெந்திருந்தது. அம்மா நான்கு சாப்பிட்டாள். ஏழு பேரில் வயதானவர் ஒருவர் முதல் வாய் வைத்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாரும் ஆன்ட்டியைப் பார்த்துக் கோப்பையைத் தூக்கினார்கள். ஆன்ட்டி தலையைக் குனிந்துகொண்டார்.

சாப்பிட்டு முடித்ததும் அங்கிள் போனைச் சுழற்றினார். ஊரில் இருக்கும் தன் அம்மாவுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்ல வேண்டும் அல்லவா. அவர் பேசிவிட்டு ரிசீவரை ஆன்ட்டியிடம் நீட்டினார். ஆன்ட்டி வேண்டாம் என்று தலையசைத்தார். அங்கிள் மறுபடி நீட்டினார். ஆன்ட்டி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார், அடி வாங்கப் பயந்த பிள்ளை மாதிரி. பத்துப் பேர் பார்க்க அந்த ரிசீவர் அந்தரத்தில் நின்றது. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"ஆன்ட்டி, நான்தான். முதல் நாளே ஏசியை அணைச்சிட்டேன். ரெண்டாம் நாள்லேருந்து ஊதவே இல்லை" என்று இங்கிலீஷில் சொன்னேன். சொல்லி முடிக்கும் முன் அழுகை வந்துவிட்டது.

அம்மா, "அடிப்பாவி" என்றாள். அப்பா எங்கள் வீட்டுச் சுவரில் லாக் ஷீட் இருக்கும் திசையைப் பார்த்தார். ஆன்ட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா என்று தெரியவில்லை. பிறகு மெதுவாகக் கைகளை முன்னால் கொண்டு வந்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ என் கை இல்லை" என்றார்.

நான் இல்லை என்று தலையாட்டினேன். அதற்குள் அம்மா எழுந்து போய் அங்கிளிடமிருந்து ரிசீவரை வாங்கிவிட்டாள். எங்கே கடல், எங்கே ருமேனியா, என்ன மொழி, எதைப் பற்றியும் அவளுக்குக் கவலையில்லை. சுத்தத் தமிழில் ஆரம்பித்தாள்.

"அம்மா, உங்க மருமகளுக்கு நல்ல கைராசிம்மா. நானே நாலு சாப்பிட்டேன். கோஸைக் கெடுத்தது என் பொண்ணு, அவங்க இல்லை. நீங்க அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க."

அந்தப் பக்கத்திலிருந்து நீளமாக ஒரு பதில் வந்தது. அம்மா நடு நடுவே "ம்", "ஆமாம்மா" போட்டுக் கடைசி வரை கேட்டாள். பிறகு ரிசீவரை ஆன்ட்டியிடம் கொடுத்தாள். இந்தத் தடவை ஆன்ட்டி வாங்கிக்கொண்டார். ஒரு கையில் ரிசீவர். இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பேசினார், சிரித்தார், அழுதார், மறுபடி பேசினார். நடுவே அம்மாவைக் கையால் காட்டி ஏதோ சொன்னார், ஏழு பேரும் உரக்கச் சிரித்தார்கள். மாமியார் என்ன சொன்னார் என்று நான் அம்மாவிடம் கேட்டேன். "எந்த மாமியார்தான் வேற என்ன கேப்பாங்க, உப்பு எவ்வளவு போட்டேன்னு கேக்கறாங்க" என்றாள் அம்மா.

ஆன்ட்டியின் பிடி இறுக்கமாக இருந்தது, கை வலித்தது. போன் முடிகிறவரை நான் அதை விடுவித்துக்கொள்ளவில்லை.